பட்டமும் அரங்கேற்றமும்: காஞ்சியை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

'பட்டமளிப்பு விழா' என்ற தொடர் நமக்கு மிகவும் பழகிப்போன ஒன்று. கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்த மாணவர்கள், மேடையில் வேந்தர், துணைவேந்தர், சிறப்பு விருந்தினர், சுருட்டிய தாளோ உறையிட்ட சான்றிதழோ கைமாறும் ஒரு கணம், அதைப் பதிவு செய்யக் காத்திருக்கும் புகைப்படக்காரர் என்று ஒரே காட்சிதான் மனத்தில் எழும். இதில் 'பட்டம்' எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பட்டம் என்பது முதலில் நெற்றியில் கட்டப்படும் ஒரு பட்டை. பொன் தகடாகவும் இருக்கலாம், துணியாகவும் இருக்கலாம். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அரசனுக்கு எத்தனை அங்குல அகலம், அரசிக்கு எத்தனை, படைத்தலைவனுக்கு எத்தனை என்று அது வகுத்துச் சொல்கிறது. 'பட்டு' என்னும் சொல்லையும் இதே வேரோடு இணைத்துப் பேசும் சொல்லாய்வாளர்கள் உளர். அப்படியானால் பட்டு நெய்யும் ஊரான காஞ்சிபுரத்துக்குப் பட்டத்தைப் பற்றிப் பேசும் உரிமை இரு வகையில் உண்டு. ஒன்று அதன் தறி. மற்றொன்று அதன் கடிகை.

கற்று முடித்தவரை ஊர் எப்படி அடையாளம் காண்கிறது, அதற்கு என்ன சான்று கேட்கிறது, யாரை அந்தச் சடங்குக்கு வெளியே நிறுத்துகிறது என்ற கேள்விகளுக்குக் காஞ்சியின் நெடிய வரலாற்றில் சில விடைகள் கிடைக்கின்றன. குறிப்பாகக் கலை பயிலும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும் இந்தக் காலத்தில் அவற்றைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகிறேன்.

*

காஞ்சிக் கடிகையில் பயின்ற மாணவர்களுள் கல்வெட்டு வழியாக நாம் பெயரறிந்த மிகப் பழையவர், கல்வியை முடிக்காமல் போனவர் என்பது ஒரு சுவையான முரண். கர்நாடகத்தின் தாளகுண்டாவில் உள்ள ஐந்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு அந்தக் கதையைச் சொல்கிறது. குப்ஜர் என்னும் புலவர் இயற்றிய வடமொழிக் கவிதை அது. மயூரசர்மன் என்னும் அந்தண இளைஞன் தன் குரு வீரசர்மனுடன் பல்லவர் தலைநகருக்கு வந்து, வேதக் கல்வி முழுவதையும் கற்கும் விருப்பத்துடன் கடிகையில் சேர்கிறான். அங்கே ஒரு பல்லவக் குதிரை வீரனோடு சச்சரவு ஏற்படுகிறது. அவமதிப்புக்கு உள்ளான மாணவன் தர்ப்பையை விட்டு வாளை எடுக்கிறான், காடுகளில் படை திரட்டுகிறான், பல்லவர்களைத் தொல்லைக்குள்ளாக்குகிறான். முடிவில் அவனை வெல்வதைவிட ஏற்றுக்கொள்வது மேல் என்று கண்ட பல்லவ அரசர்கள் அவனுக்குப் 'பட்டபந்தம்' செய்து சிறப்பித்தார்கள் என்கிறது கல்வெட்டு. கடம்ப அரசமரபு அப்படித் தொடங்கிற்று. காஞ்சியில் படிப்பை முடித்துப் பெறாத பட்டத்தை, காஞ்சியோடு போரிட்டு அவன் பெற்றான்.

கடிகை வெறும் பாடசாலையாக மட்டும் இருந்திருக்க முடியாது என்பதற்கு இன்னொரு சான்று காஞ்சிபுரத்திலேயே உள்ளது. வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு சிற்பத் தொடராகச் செதுக்கப்பட்டிருப்பதும், அவற்றுள் சிலவற்றுக்கு விளக்கக் கல்வெட்டுகள் இருப்பதும் வாசகர்கள் அறிந்ததே. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி மறைந்தபோது, அரசுரிமைக்குத் தகுந்தவரைத் தேடி இரணியவர்மனிடம் சென்ற குழுவில் கடிகையாரும் இருந்தனர். அவனுடைய மைந்தருள் பன்னிரண்டு வயதான இளையவன் வர முன்வந்தான். அவனே நந்திவர்மன் என்ற பெயரில் முடிசூடினான். கல்விக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் அரசனுக்குப் பட்டம் கட்டுவதில் பங்கு பெறும் காட்சி இது. இன்று அரசின் தலைவர்கள் கல்விக்கூடத்துக்கு வந்து பட்டம் வழங்குகிறார்கள். பன்னிரண்டு நூற்றாண்டுகளில் திசை எதிராகத் திரும்பியிருக்கிறது.

கடிகையில் கற்று முடித்தவர்க்கு என்ன சடங்கு நடந்தது என்பதைக் கல்வெட்டுகள் விவரிப்பதில்லை. ஆனால் வேதக் கல்வி மரபில் சமாவர்த்தனம் என்ற சடங்கு உண்டு. குருகுலவாசம் முடிந்து மாணவன் நீராடுவான், நீராடியவன் 'ஸ்நாதகன்'. இந்தியில் பட்டதாரியைக் குறிக்க இன்றும் வழங்கும் சொல் இதுவே. இல்லம் திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரை தைத்திரீய உபநிடதத்தின் சீட்சாவல்லியில் உள்ளது. இன்று பல இந்தியப் பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு விழாவில் அதன் பகுதிகள் ஒலிக்கின்றன. அந்தச் சடங்கில் சான்றிதழ் இல்லை, தேர்வாளர் இல்லை. ஆசிரியரின் சொல்லே சான்று. அந்த வாசலுக்குள் நுழையும் உரிமை பிறப்பால் வரையறுக்கப்பட்டிருந்தது என்பதையும் உடன் சொல்லத்தான் வேண்டும். கடிகையின் பெருமையைப் பேசும்போது நாம் அடிக்கடி விட்டுவிடுகிற பாதி இது.

*

தமிழ் மரபில் கலைக்கல்வியின் நிறைவுச் சடங்குக்கு வேறொரு பெயர் இருந்தது: அரங்கேற்றம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஒரு கலைப்பள்ளியின் பட்டமளிப்பு விழா ஆவணமாகவே படிக்கலாம். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுப் பயிற்சி. பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் அவையில் மாதவியின் ஆடல். இளங்கோவடிகள் நேராக ஆடலுக்குப் போய்விடவில்லை. ஆடலாசான், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமையாளன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வோர் ஆசிரியரின் தகுதியையும் முதலில் அளந்து கூறுகிறார். பின் மேடையின் அளவு: எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். அதன் பிறகே மாணவி மேடையேறுகிறாள். மாணவியைச் சோதிக்கும் முன் ஆசிரியரையும் அரங்கையும் சோதித்துவிடும் இந்த வரிசையை இன்றைய தர மதிப்பீட்டுக் குழுக்கள் கவனிக்கலாம்.

மாதவி பெற்றவை இரண்டு. ஒன்று, 'தலைக்கோலி' என்னும் பட்டம். பகையரசரின் வெண்கொற்றக் குடையின் காம்பைக் கொண்டு, நவமணிகள் பதித்துச் செய்யப்பட்ட தலைக்கோலின் பெயரால் வந்தது அது. இப்பட்டப்பெயர் கற்பனை அன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆடல் மகளிர் பெயரோடு அது வருகிறது. மற்றொன்று, ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன். பெருமையோடு விலையும் அந்த மேடையிலேயே குறிக்கப்பட்டுவிட்டது. அந்த விலைதான் கதையின் போக்கை மாற்றியது என்பதைச் சிலம்பு வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

நூல்களுக்கும் அரங்கேற்றம் உண்டு. காஞ்சிபுரத்தில் அதற்கு ஓர் இடமே இருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் இடையே அமைந்த குமரகோட்டத்தில்தான் கச்சியப்ப சிவாச்சாரியார் தம் கந்தபுராணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்நூலின் முதல் அடியை முருகனே எடுத்துக் கொடுத்தான் என்பர். ஆனால் அவையில் அந்த முதற்சொல்லுக்கே தடை எழுந்தது. 'திகழ்' என்பதும் 'தசம்' என்பதும் புணர்ந்து 'திகடச' என்று ஆவதற்கு இலக்கண விதி எங்கே என்று ஒருவர் கேட்டார். கச்சியப்பரால் உடனே விடை கூற இயலவில்லை, அவை கலைந்தது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலைக் காட்டி, அதில் அவ்விதி இருப்பதை மெய்ப்பித்தார். வந்தவர் முருகனே என்று கதை முடிகிறது.

இந்தக் கதையின் பக்திச் சுவையை ஒருபுறம் வைத்துவிட்டு அதன் சமூகப் பொருளைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. இறைவன் கொடுத்த சொல்லானாலும் அவை அதை ஏற்க மறுக்கலாம். மேற்கோள் நூல் இல்லாமல் தெய்வமும் தப்ப முடியாது. அந்த மேற்கோள் நூலோ, பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் பெயரால் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றியது. சைவப் புராணம் ஒன்று காஞ்சியில் நிலைபெறப் பௌத்தர் எழுதிய இலக்கணம் துணை நின்றதாக மரபே ஒப்புக்கொள்கிறது. அரங்கேற்றம் என்பதன் உள்ளுறை இதுதான்: கற்றவர் தம் ஆக்கத்தை எல்லோர் முன்னும் வைக்கிறார், யாரும் கேள்வி கேட்கலாம், விடை சொன்ன பிறகே ஏற்பு.

*

இனிச் சற்று நேரம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் நம் பட்டமளிப்பு விழா அங்கிருந்து வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் பொலோனியாவிலும் பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் உருவான அமைப்புகளுக்கு 'யுனிவர்சிட்டாஸ்' என்று பெயர். அந்த இலத்தீன் சொல்லுக்குக் கல்வி என்ற பொருளே கிடையாது. ஒரே தொழில் செய்வோரின் கூட்டமைப்பு என்பதே பொருள். நெசவாளருக்கும் பொற்கொல்லருக்கும் தச்சருக்கும் இருந்ததைப் போன்ற ஒரு கூட்டமைப்பு, பாடம் சொல்பவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் ஏற்பட்டது. தொழிற்கூட்டத்தில் பயிற்சி முடித்தவன் 'மாஸ்டர்' ஆவதற்குத் தன் கையால் செய்த ஒரு பொருளை மூத்தவர்கள் முன் வைக்க வேண்டும். 'மாஸ்டர்பீஸ்' என்ற சொல்லின் தோற்றம் அது. பல்கலைக்கழகத்திலும் புதிதாக 'மாஸ்டர்' ஆகிறவர் தொப்பியைப் பெற்று, ஆசனத்தில் அமர்ந்து, தம் முதல் விரிவுரையை ஆற்றி, வாதத்தில் ஈடுபட வேண்டும். அமெரிக்காவில் இன்றும் பட்டமளிப்பைத் 'தொடக்கம்' என்று பொருள்படும் 'கமென்ஸ்மென்ட்' என்ற சொல்லால் குறிப்பது அதன் எச்சம். கறுப்பு அங்கியும் அக்காலத் திருச்சபையினரின் அன்றாட உடையிலிருந்து வந்ததே.

ஆக, அந்த அயல் சடங்கும் அதன் பிறப்பில் ஓர் அரங்கேற்றமே. பட்டம் பெறுவோர் எதையேனும் செய்து காட்டினார்கள். நமக்கு வந்து சேர்ந்தபோது அந்தச் செய்து காட்டல் உதிர்ந்துவிட்டிருந்தது. உடையும் ஊர்வலமும் மட்டும் வந்தன.

1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சட்டத்தின் மூலம் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம், இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டது. அதாவது அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பு. பாடம் நடத்துவது இணைப்புக் கல்லூரிகளின் வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்நிலைதான். எனவே ஒரு மாணவர் தம் பல்கலைக்கழகத்தைக் கண்ணால் பார்ப்பது தேர்வு நாளிலும் பட்டமளிப்பு நாளிலும் மட்டுமே. விழாவே பல்கலைக்கழகம் என்று சொல்லிவிடலாம். 1870-களில் சிசோம் வடிவமைத்து மெரினாவில் எழுந்த செனட் மாளிகையின் பெருங்கூடம், அந்தச் சில மணி நேரங்களுக்குக் கண்ணியம் சேர்க்கக் கட்டப்பட்டதைப் போலவே தோன்றும்.

அப்பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தவர்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் சுவடிகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்த நூல்களின் வரிசையில் 1881-ஆம் ஆண்டு வெளிவந்தது வீரசோழியம். குமரகோட்டத்து அரங்கேற்றத்தைக் காப்பாற்றியதாகக் கதை சொல்லும் அதே நூல். அங்கி அணிந்து ஆங்கிலப் பட்டம் பெற்ற முதல் தலைமுறையின் கையால்தான் அது அச்சேறியது. பட்டமும் அரங்கேற்றமும் ஒன்றுக்கொன்று பகையாகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மறுபுறம், எந்தக் கல்லூரியிலும் பயிலாமல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையருக்கு 1932-இல் இதே பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. குருகுலத்தில் கற்றவரைத் தேர்வுக்கூடம் முறைப்படி வணங்கிய நாள் அது.

*

இந்த அமைப்பில் கலைக்கு என்ன இடம் இருந்தது? 'பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ்' என்பதை நாம் 'கலை இளவல்', 'இளங்கலை' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். இலக்கணம், தருக்கம், கணிதம் முதலிய ஏழு கல்வித் துறைகளை 'ஆர்ட்ஸ்' என்றழைத்த இடைக்கால வழக்கின் தொடர்ச்சி அது. வண்ணத்தோடும் உளியோடும் அதற்குத் தொடர்பில்லை. ஆகவே 'கலைக் கல்லூரி'யில் கலை இல்லை. கலை இருந்த பள்ளிக்குப் பட்டம் இல்லை.

கலை இருந்த பள்ளி ஒன்று சென்னையில் பல்கலைக்கழகத்துக்கு முன்பே தோன்றியிருந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தம் சொந்த முயற்சியில் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசு ஏற்றுக்கொண்ட ஓவியப் பள்ளி அது. மட்பாண்டம், செதுக்குவேலை, உலோகவேலை எனக் கைத்தொழிலை மேம்படுத்துவதே அதன் நோக்கமாகக் கருதப்பட்டது. 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பின் அது ஓவியர், சிற்பியரை உருவாக்கும் இடமாக மாறியது. 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பட்டப்படிப்பு அப்பள்ளிக்கு வந்தது இவற்றுக்கெல்லாம் பிறகே. அதுவரை அங்கு பயின்றவர்கள் தங்கள் படைப்புகளைக் கண்காட்சியில் வைத்தே அறியப்பட்டார்கள். கண்காட்சிதான் அவர்களின் அரங்கேற்றம்.

நெடுங்காலம் காஞ்சிபுரத்தோடு ஒரே மாவட்டத்தில் இருந்து, 2019-இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வந்த மாமல்லபுரத்தில், 1957-இல் கோயிற் கட்டடக்கலைக்கும் சிற்பத்துக்கும் ஓர் அரசுப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. வைத்தியநாத ஸ்தபதியும் அவருக்குப் பின் அவர் மைந்தர் வை. கணபதி ஸ்தபதியும் அதை நடத்தினார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற வித்தை, விண்ணப்பம் போட்ட எந்த இளைஞனுக்கும் கிடைக்கும் பாடத்திட்டமாக மாறிய இடம் அது. பின்னர் அது பட்டப்படிப்பாயிற்று. சிற்பிக்கு மரபில் ஒரு நிறைவுச் சடங்கு உண்டு: கண் திறத்தல். திருமேனி முழுவதும் முடிந்த பின் கடைசியாக ஸ்தபதி கண்ணைத் திறப்பார். அதன் பிறகு சிலை அவருடையது அன்று. அந்தச் சடங்கில் சிற்பிக்கு எந்தப் பட்டமும் கட்டப்படுவதில்லை. பார்வை பெறுவது படைப்பு.

2013-இல் தமிழ்நாடு அரசு இசைக்கும் கவின்கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சட்டத்தின் மூலம் நிறுவியது. அரசு இசைக் கல்லூரிகளும், சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளும், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியும் அதன் கீழ் வந்தன. ஆளுநருக்குப் பதிலாக முதலமைச்சரையே வேந்தராகக் கொண்டது அதன் தனித்தன்மை. 2023 நவம்பரில் நடைபெற்ற அதன் இரண்டாம் பட்டமளிப்பு விழாவில் பின்னணிப் பாடகி பி. சுசீலாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளிக்கப்பட்டது. நாகசுரம் பயின்றவரும், கல்லில் உளி பிடித்தவரும், கித்தானில் வண்ணம் இட்டவரும் ஒரே மேடையில் பட்டம் பெறும் நிலை, ஹண்டரின் பள்ளி தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகே வாய்த்திருக்கிறது.

*

அப்படியானால் அரங்கேற்றமே உயர்ந்தது, அங்கி வெறும் காலனிய எச்சம் என்று முடித்துவிடலாமா? 2010-இல் போபாலில் ஒரு பட்டமளிப்பு மேடையில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அங்கியைக் கழற்றிப் போட்டு இப்படித்தான் வாதிட்டார். காஞ்சியில் நடந்த இன்னோர் அரங்கேற்றத்தைப் பார்த்துவிட்டு இதற்கு விடை தேடுவோம்.

1925-ஆம் ஆண்டு, காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் சதிர் அரங்கேற்றம் நடந்தது. வீணை தனம்மாளின் பேத்தி. கந்தப்பப் பிள்ளையின் மாணவி. பெயர் பாலசரஸ்வதி. மாதவியின் அரங்கேற்றத்துக்கும் அவளுடையதற்கும் இடையே நீளும் கோட்டை அறிஞர்கள் பலர் சுட்டியிருக்கிறார்கள். கடுமையான பயிற்சி, அறிந்தோர் நிறைந்த அவை, கோயில் மண்டபம் எல்லாம் இருந்தன. ஆனால் அந்த மேடையைத் தாண்டிய உலகில் அவருடைய மரபைச் சேர்ந்த பெண்களுக்கு அப்போதே மதிப்புக் குறைந்துகொண்டிருந்தது. 1947-இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு கொடுமை முடிவுக்கு வந்தது. கூடவே, அந்தக் கலையைக் காத்துவந்த குடும்பங்கள் பலவும் அதிலிருந்து விலகின. பாலசரஸ்வதியைப் போல் தொடர்ந்தவர்கள் மிகச் சிலர். 1962-இல் தொடங்கி அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக அழைத்தது. காஞ்சியில் ஏழு வயதில் செய்த அரங்கேற்றமே, எந்தக் கல்லூரிப் பட்டமும் இல்லாத அவருக்குப் பல்கலைக்கழக வகுப்பறையைத் திறந்துவிட்ட தகுதி.

இன்னொரு பக்கம், 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரம் ஆடலைப் பள்ளிக்கூடமாக்கியது. யாரும் சேரலாம், ஆண்டுக்கணக்கில் பாடத்திட்டம், முடிவில் பட்டயம். பழைய மரபின் செறிவு இதில் நீர்த்தது என்பவர்களும், கதவு திறந்தது என்பவர்களும் இன்றளவும் வாதிடுகிறார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கூடவே மூன்றாவதாக ஒன்றும் நடந்தது: அரங்கேற்றமே உருமாறியது. இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் நடக்கும் பல நடன அரங்கேற்றங்களில் மண்டப வாடகை, அழைப்பிதழ், பட்டுப்புடவை, விருந்து எல்லாம் உண்டு; கேள்வி கேட்கும் அவை மட்டும் இல்லை. அமர்ந்திருப்போர் உறவினர்கள். தடை எழுப்ப யாரும் வருவதில்லை. பட்டமளிப்பு விழாவுக்கு என்ன நேர்ந்ததோ அதுவே அரங்கேற்றத்துக்கும் நேர்ந்திருக்கிறது. இரண்டும் தம் உள்ளீட்டைக் கொடுத்துவிட்டுப் புகைப்படத்தை வாங்கிக்கொண்டன.

*

இந்தக் கதை முழுவதிலும் எந்த மேடையிலும் ஏறாத ஒருவர் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். அவர் நெசவாளர்.

கோர்வைப் புடவை நெய்ய இருவர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கான நாடாவை வாங்கி எறிந்து கொடுக்கத் தறியின் ஓரத்தில் இன்னொருவர் அமர்ந்திருப்பார். நெடுங்காலம் அந்த இடத்தில் அமர்ந்தது குழந்தைதான். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் குருகுலம் என்று அதைப் புகழ்ந்து எழுதுவது எளிது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிறர் தறியில் குழந்தைகள் கட்டுண்டு கிடந்ததையும் வரலாறு பதிந்திருக்கிறது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை பற்றி 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. அந்தக் குழந்தைகளைத் தறியடியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பியதன் கடைசிப் படிதான் பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கியைப் பார்த்து நாம் சிரிக்கலாம். தன் குடும்பத்தில் முதல்முறையாக அதை அணிந்து நிற்கும் மகளைப் பார்க்கும் ஒரு நெசவாளிக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இந்த ஊரின் நெசவாளர் குடும்பம் ஒன்றில் 1909-இல் பிறந்த அண்ணாதுரை, பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெயருக்குப் பின்னால் 'எம்.ஏ.' என்ற எழுத்துகளோடு அவர் மேடை ஏறியது, அன்றைய இளைஞர்களுக்கு என்ன பொருள் தந்தது என்பதை அக்காலச் சுவரொட்டிகளே சொல்லும். முதலமைச்சரான பின் 1968-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. ஆனால் மக்கள் நாவில் நிலைத்தது அவர்களே கட்டிய 'அறிஞர்' என்ற பட்டம்.

பல்கலைக்கழக மானியக்குழு 2015-இலும் 2019-இலும், பட்டமளிப்பு விழா உடைகளுக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்துமாறு கல்வி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நல்ல முயற்சியே. எனினும் நெசவாளி அதில் துணி அனுப்புகிறவராகவே இருக்கிறார். அவர் கற்றது ஒரு கல்வி என்ற எண்ணம் அந்தச் சுற்றறிக்கைகளில் இல்லை. முந்தானைப் பாவை உடலின் பாவோடு இழை இழையாக முறுக்கி இணைக்கும் வேலைக்குத் தேவைப்படும் ஆண்டுகள், எந்த இளங்கலைப் படிப்புக்கும் குறைந்தவை அல்ல. தேசிய விருதுகளும் கபீர் பெயரிலான விருதும் மிகச் சிலரை எட்டுகின்றன. மற்றவர்களுக்கு இருப்பது வேறொன்று. பத்துப் பதினைந்து நாள் உழைத்து முடித்த புடவையை மடித்து எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கோ முதலாளியிடமோ அவர் போகிறார். அங்கே புடவையை விரிக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், கரையைத் தடவிப் பார்க்கிறார்கள், இழை அறுந்த இடத்தைத் தேடுகிறார்கள். குறை கண்டால் கூலி குறைகிறது. குமரகோட்டத்து அவையைப் போலவே அங்கும் தடை எழுப்பப்படுகிறது. ஆனால் அவருக்காக நூலைத் தூக்கிக்கொண்டு சோழ நாட்டிலிருந்து யாரும் வருவதில்லை.

வாழ்நாள் முழுவதும் இரு வாரத்துக்கு ஒரு முறை அரங்கேற்றம் உண்டு, பட்டம் ஒருபோதும் இல்லை என்பது நெசவாளியின் நிலை. ஒருநாள் பட்டம் உண்டு, அரங்கேற்றம் இல்லை என்பது நம் பட்டதாரியின் நிலை. கவின்கலைப் பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டையும் ஒரே மேடையில் சேர்க்கக்கூடிய இடத்தில் இருக்கின்றன. மாணவர் தாம் செய்ததைப் பொதுமக்கள் முன் வைத்து, கேள்விகளுக்கு விடை சொல்லி, அதன் பின் பட்டம் பெறலாம். பட்டம் பெறுவோர் வரிசையில் தறியில் கற்றவர்களும் நிற்கலாம். கடிகையில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுத் தாளும் அவர்களைக் கேட்டதில்லை. காஞ்சிபுரத்தில் இன்றும் புடவைகள் விரிக்கப்பட்டு ஆராயப்படுகின்றன. அந்த மேசையின் எதிர்ப்புறம் நிற்பவரைக் கற்றவர் என்று அழைக்க நமக்கு இன்னும் ஒரு சடங்கு அமையவில்லை.